கணியம்

இரவு பதினொன்றே முக்காலுக்கு
அஜிலாவின் செய்தி வந்தபோது
நான் ஷீட் ரப்பர் விலையைத் திருத்திக்கொண்டிருந்தேன்.
தோவாளையில் பிச்சி ஆயிரத்தைத் தாண்டியிருந்தது.
ஏழாம் பக்கத்தின் கீழ்ப்பாதியை
மார்த்தாண்டத்து நகைக்கடைக்கு விற்றாயிற்று.

எழுநூறு சொல் அனுப்பியிருந்தாள்.
நூற்றிருபதுக்குத்தான் இடம்.

லாரிக்காரன் துறைமுகம் வரைக்கும்
பாடிக்கொண்டே ஓட்டியதை வெட்டினேன்.
ஏலக்கூடத்தில் கூரை போய்
தராசு மட்டும் நின்றதை வெட்டினேன்.
இரண்டாவது குண்டு
முதல் குண்டுக்கு ஓடிவந்தவர்களுக்கானது
என்ற வரியை
இரண்டு தடவை வாசித்துவிட்டு வெட்டினேன்.
வலது காதில் விசில் நிற்கவில்லை சார்
என்று கடைசியில் எழுதியிருந்தாள்.
அது எனக்கு எழுதியது. செய்தியில் சேராது.

ஒரு செய்திக்கு ஆயிரத்து ஐநூறு,
படத்துக்கு முந்நூறு.
தலைக்கவசம் அங்கே யாரிடமோ இரவல்.
இத்தனை ஆபத்து தேவையா என்று
டீக்கடையில் கேட்கிறவர்களிடம்
நான் தொகையைச் சொல்வதில்லை.

கருங்கலிலிருந்து அவள் அம்மா
வாரம் இருமுறை கூப்பிடுவாள்.
பேங்க் பரீட்சைக்குப் பணம் கட்டினேன் சார்,
யாரு பெத்த பிள்ளையோ செத்ததை எழுத
நான் பெத்தது சாகணுமா?
ஃபேன் சத்தத்தில் கேட்காததுபோல்
ஹலோ ஹலோ என்று சொல்லி
வைத்திருக்கிறேன்.

காலையில் இனயத்திலிருந்து முதல் பஸ்ஸில்
மெற்றில்டா வந்தாள்.
வாட்ச்மேன் கேட்டதற்கு நிற்காமல் படியேறி
எட்டாக மடித்த பேப்பரை என் மேஜையில் விரித்தாள்.
தீப்பெட்டி அகலப் படம்.
எரிந்த விசைப்படகுக்குப் பின்னால்
ஐஸ் பெட்டிமேல் முதுகு காட்டி இருந்தவனை
நகத்தால் தொட்டாள்.

இது எங்க ஆளாக்கும்.
சாரத்துல பச்சைத் துணி வச்சுத்
தைச்சது நான்லா.
போன் வந்து பதினாறு நாளாச்சு.

கம்ப்யூட்டரில் பெரிதாக்கிக் காட்டினேன்.
பெரிதாக ஆக எனக்கு அது வெறும் சதுரங்கள்.
பச்சை என்றால் பச்சை, கறை என்றால் கறை.
அவளுக்கு ஊசி போன வழி தெரிந்தது.
சேலைத் தலைப்பில் மூக்கைத் துடைத்தாள்,
சிரித்தாள்,
இன்னும் கொஞ்சம் பெரிசாக்குங்க என்றாள்.
பிறகுதான் கேட்டாள்:
படம் எடுத்த பிள்ளைக்கு ஒண்ணும் இல்லையே?

நள்ளிரவுக்குப் பிறகு நான் அனுப்பிய
மூன்றுக்கும் ஒற்றை டிக்.

நல்லா இருக்கா என்றேன்.
இருபத்திரண்டு வருடத்தில்
உறுதி செய்யாமல் நான் சொன்ன முதல் செய்தி.

எங்கள் கரையில் கணியம் என்பார்கள்.
கோயில் கோபுரமும் வேளிமலை முகடும் ஒரு கோடு.
வேறு இரண்டு அடையாளம், இன்னொரு கோடு.
வெட்டுகிற இடத்தில் வள்ளம்.
ஒன்றை மழை மறைத்தாலும் போச்சு,
எந்தத் தண்ணீரும் அதே தண்ணீர்தான்.

மெற்றில்டா வீட்டு வாசலிலிருந்து
ஒரு கோடு எப்போதும் இருந்தது.
மற்றதைப் போட
அங்கே யாராவது நிற்கவேண்டியிருந்தது.

இதைக் கருங்கலுக்குக் கூப்பிட்டுச் சொல்லலாம்.
எண்ணைக்கூட எடுத்தேன்.
அந்த அம்மா கேட்பாள்:
நீங்க போய் நிண்ணீங்களா சார்?

இன்றிரவும் கீழ்ப்பாதி நகைக்கடைக்கு.
மேல்பாதியை யாருக்கும் விடவில்லை.
எழுத்தைக் கொஞ்சம் சின்னதாக்கினால்
எழுநூறு சொல் பிடிக்கும்.
மணி பத்தரை.
லேஅவுட் பையன் இரண்டு தடவை
வந்து எட்டிப் பார்த்துவிட்டு
ஒன்றும் கேட்காமல் போனான்.