மடிப்பு

கோரிமேட்டு மருத்துவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து
"வளர்ச்சிக் கோடு இன்னும் மூடலை" என்றார்.
அறுந்த ஜவ்வை இப்போதே சரிசெய்தால்
வளரும் கால் கோணலாகலாம்.
தள்ளிப்போட்டால் குருத்தெலும்பும் கிழியலாம்.
"நீங்களே சொல்லுங்க."

நானா?
மஞ்சக்குப்பத்தில் பள்ளிச் சீருடை தைப்பவள்.
வளரும் பிள்ளைக்கு
இரண்டு விரல் மடிப்பு விடுவேன்,
அவ்வளவுதான் தெரியும்.

கடலூர் பேருந்தில்
யாழ்மொழி கட்டுப் போட்ட காலை
என் மடியில் நீட்டியிருக்கிறாள்.
"டிசம்பர்ல மாவட்டக் கபடிம்மா."
பெண்ணையாற்றுப் பாலத்தில் வண்டி தூக்கிப்போட
இருவரும் முட்டியைப் பிடித்தோம்,
அவள் முட்டியைத்தான்.

கையெழுத்துத் தாள்
பைக்குள் அளவுநாடாவோடு சுருண்டு கிடக்கிறது.
நான் கோடு போடுவது சாக்கட்டியால்,
தப்பென்றால் தட்டிவிடலாம்.
இவர்கள் பேனாவில் கேட்கிறார்கள்,
வெள்ளிக்கிழமைக்குள்.