கூடுதல் பத்து பவுண்ட்

மூன்று சக்கர வண்டிக்குப் பள்ளம் தப்பாது.
முன்சக்கரம் ஒதுங்கினால் பின்னதில் ஒன்று விழும்.
பின்னவை இரண்டும் பிழைத்துக்கொண்டால்
முன்னது நேரே போய் முத்தமிடும்.
நெப்ராஸ்காவின் இருபதாம் நெடுஞ்சாலையில்
இது எனக்கு நன்றாகத் தெரியும்,
என் அக்கா மார்லிஸின் முதுகெலும்புக்கு
இன்னும் நன்றாக.

ஒவ்வொரு பள்ளத்துக்கும் பின்னிருக்கையிலிருந்து
ஒரு பெயர் வரும்.
கவுண்டி கமிஷனர் பெயர்,
அவள் விவாகரத்து செய்தவனின் பெயர்,
பெரும்பாலும் என் பெயர்.

ஆகவே சுருள்வில்லைக் கழற்றிவிட்டு
காற்றுப் பை போடுவதென்று முடிவாயிற்று.
"அந்தக் காசுக்கு ஒரு கன்றுக்குட்டி வாங்கலாம்."
"வாங்கி, அதன்மேல் உட்கார்ந்து
சாட்ரன் வரைக்கும் வருவாயா?"
பாதிப் பணம் அவள் போட்டாள்.

டுவேன் பெட்ராசெக்கின் கொட்டகையில்
டிராக்டர் எண்ணெய் வாசம் இன்னும் போகவில்லை.
கருப்பு ரப்பர்ப் பைகள் இரண்டு, உள்ளங்கை அகலம்,
இருக்கைக்கு அடியில் ஒரு குட்டி கம்ப்ரஸர்,
என் இடது முழங்காலருகே ஒரு ஸ்விட்ச், ஒரு முள்.
"ரெண்டு பைக்கும் ஒரே குழாய் வேண்டாம்" என்றான்.
"வளைவில் அழுந்துகிற பை
தன் காற்றை மற்றதற்குத் தள்ளிவிடும்.
தாங்க வேண்டிய நேரத்தில்
தாங்க வேண்டியது காலி."
தலையாட்டினோம்.
ஒரே வீட்டில் இரண்டு ஃபிரிட்ஜ் வைத்திருப்பவர்களுக்கு
இதை விளக்க வேண்டியதில்லை.

பிறகு காதிலிருந்து பென்சிலை எடுத்தான்.
"ஓட்டுபவர் எடை?"
சொன்னேன்.
"பின்னால் உட்கார்பவர்?"

மார்லிஸ் சுவரில் தொங்கிய
விதைக் கம்பெனி காலண்டரைப் படித்தாள்.
மே மாதம் முழுவதையும் படித்தாள்.
"நூற்று ஐம்பது."
பெட்ராசெக் நிமிராமல் எழுதிக்கொண்டான்.
கல்யாணமானவன்.

முதல் நாளே, குரூக்ஸ்டன் தாண்டி
ஒரு சின்னப் பாலத்தின் இணைப்பில்
அடி தட்டியது. டக். மறுபடி டக்.
என் பெயர் இரண்டு முறை வந்தது.
ராத்திரி டார்ச்சைப் பல்லில் கடித்தபடி
குழாய் மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தடவினேன்.
எதிலும் ஒரு குமிழி வரவில்லை.
காற்று எங்கும் போகவில்லை,
கணக்குத்தான் எங்கோ போயிருந்தது.

ஸ்விட்சை அழுத்தினால் தீர்ந்தது.
ஆனால் அவள் பின்னால் இருக்கும்போது
அந்தக் கம்ப்ரஸர் போடும் கிர்ர்
ஓர் எண்ணை ஊர் கேட்கச் சொல்வது மாதிரி.
அவள் இல்லாதபோது அழுத்தலாம்,
முள்ளைப் பார்த்துவிடுவாள்.
எதையும் பார்த்துவிடுவாள்.
முப்பத்திரண்டிலேயே விட்டேன்.

சனிக்கிழமை மெரிமனில் பெட்ரோல் போட நிறுத்தினோம்.
காபி வாங்க உள்ளே போனவள்
கண்ணாடி வழியே பார்த்தேன்:
என் அக்கா, வலிக்கிற முதுகோடு,
வண்டியருகே குனிந்து நிற்கிறாள்.
மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டு
இந்தப் பக்கம் ஒரு பார்வை, அந்தப் பக்கம் ஒரு பார்வை,
கடையில் சாக்லேட் திருடும் பிள்ளை மாதிரி.
விரல் ஸ்விட்சில்.
சத்தம் எனக்குக் கேட்கவில்லை.
வண்டியின் பின்புறம் மட்டும் மெல்ல எழுந்தது,
படுத்திருந்த பசு
பின்னங்காலை முதலில் ஊன்றி எழுவதுபோல.

நான் காபியில் சர்க்கரை போடுவதில்லை.
மூன்று பொட்டலம் பிரித்துப் போட்டு
நிதானமாகக் கலக்கினேன்.

வெளியே வந்தபோது
முள் நாற்பத்திரண்டில் நின்றது.
முன்கண்ணாடியில் ஒட்டிய பூச்சிகளைத் துடைத்தேன்.
"காற்று கொஞ்சம் குளிருது" என்றாள்.
"ஆமாம்" என்றேன்.
அவள் ஹெல்மெட் வாரை மாட்டிக்கொண்டாள்,
காது சிவந்திருந்தது.

கோர்டனுக்கு முன்னால்
கழுவும் தொட்டி அளவுக்கு ஒரு பள்ளம்.
எதிரே கால்நடை லாரி. ஒதுங்க வழியில்லை.
இறங்கினோம், ஏறினோம்.
மாவில் கட்டைவிரலை அழுத்தி எடுத்த மாதிரி, அவ்வளவுதான்.

ஒரு பெயருக்காகக் காத்திருந்தேன்.
ஒரு மைல் போயிற்று.
மணல்மேடுகள், ஒரு காற்றாலை, முள்வேலி.
"கொலீன்."
"என்ன?"
"ஒன்றுமில்லை. ஓட்டு."

வலது பையில் மட்டும்
ராத்திரிக்கு ராத்திரி மூன்று பவுண்ட் இறங்குகிறது.
நாளை மறுபடி சோப்புத் தண்ணீர்.