பகுதி எண்

டண்டெனொங்கில் ஜூலைக் காற்று
நேரே எலும்பை விசாரித்து வரும்.
சமையலறை மேடைக்குக் கல் அறுக்கும் பட்டறைகள் ஏழு.
ஏழிலும் நான் கேட்டது ஒன்றுதான்:
இங்கே எத்தனை பேர் வேலை செய்தார்கள்,
ஒவ்வொருவரும் எத்தனை நாள்?

நோயாளிகளின் பெயர்களை ஆஸ்பத்திரி தந்துவிட்டது.
பதினொரு பேர், பதினொரு எக்ஸ்ரே,
நுரையீரலில் குருணை இறைத்தாற்போல.
பதினொன்று தொகுதி எண்.
பள்ளிக்கூடத்தில் படித்தோமே, கோட்டுக்கு மேலே நிற்பது.
கீழே நிற்பது பகுதி.
அதை எவரும் எழுதி வைக்கவில்லை.

ஸ்டாவ்ரோஸ் ஒரு அட்டைப்பெட்டியைக் காலால் தள்ளினார்.
சம்பளச் சிட்டைகள், எண்ணெய் பட்ட நேரப் பதிவுகள்,
"இவனா? மூன்று மாதம். ஓடிவிட்டான்."
ஓடியவனும் மூச்சு விட்டிருப்பானே.
அவன் மூன்று மாதத்தையும் கூட்டினேன்.
இப்படி நாலு பேரின் மூன்று மாதம்
சேர்ந்தால் ஓர் ஆள்-ஆண்டு:
யாரும் முழுதாக வாழாத ஓர் ஆண்டு,
அதற்கு நாலு முகம்.

"மொக்தார் சிகரெட் பிடிப்பான், தெரியுமா?"
தெரியும்.
பிடிப்பவர்களைத் தனியே வைத்தேன்,
பிடிக்காதவர்களைத் தனியே வைத்தேன்.
இரண்டு அறையிலும்
அதே தூசி முன்னமே வந்து உட்கார்ந்திருந்தது.

உலர் வாளால் அறுத்தவர்கள்
முந்நூறு ஆள்-ஆண்டு, ஒன்பது நோய்.
நீர் விட்டு அறுத்தவர்கள், பொருத்தப் போனவர்கள்
ஐந்நூறு, இரண்டு.
ஆயிரத்துக்கு முப்பது. ஆயிரத்துக்கு நாலு.
வகுத்தேன்.
ஏழரை மடங்கு.

சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.
முதல் நாள்தான் குகநேசனின் மனைவி
ஒக்சிஜன் குழாயைச் சரிசெய்தபடி சொன்னாள்:
"அவருக்கு ஏழரை நடக்குது, அதுதான் இப்பிடி."
சாதகக்காரர் ஒருவர் போனில் கணித்தாராம்.
கணக்கில் நாங்கள் இருவரும் ஒத்துப்போகிறோம்.
ஆனால் அவருடைய சனியை
நிறுத்திப் பார்க்க முடியாது.
என்னுடையதற்கு ஒரு சுவிட்ச் உண்டு,
பக்கத்தில் சுருட்டி வைத்த, யாரும் திறக்காத
ஒரு தண்ணீர்க் குழாயும் உண்டு.

அடுத்த வருடம் கூட்டம். கண்ணாடி அறை, சூடான காப்பி.
திரையில் பச்சை அம்பு ஒன்று கீழே பார்த்தது:
நோயுடன் இருப்போர் பதினொன்றிலிருந்து ஒன்பது.
மெல்லிய கைதட்டல்.
நான் எழுந்தேன்.
பாக்கன்ஹாம் ரயிலில் நிற்பவர்களை எண்ணினால்
இன்று எத்தனை பேர் ஏறினார்கள் என்று தெரியாது,
இறங்கியவர்களையும் கேட்க வேண்டும்.
மூன்று பேர் இறங்கிவிட்டார்கள்.
மொக்தார், மாற்று நுரையீரல் வரிசையில் நின்றபடி.
எலியாஸ். பிறகு குகநேசன்.
ஒருவன் புதிதாக ஏறியிருக்கிறான், வயது இருபத்தாறு.
சாவும் இந்த எண்ணைக் குறைக்கும்,
அம்பை அதே பச்சையில் வரையும்.

யாரோ தொண்டையைச் செருமினார்.
அந்த அறையில் அது நல்ல சத்தமாக இல்லை.

வியாழக்கிழமை ஒரு போன்.
ஓடிப்போனவன், பெயர் டுக்.
இப்போது விடியற்காலையில் பாண் வண்டி ஓட்டுகிறான்.
என் கடிதம் மூன்று விலாசம் மாறி அவனிடம் போயிருக்கிறது.
இருமல் உண்டா?
"இல்லை."
மூச்சு?
"தட்டோடு மாடி ஏறினால் மட்டும்."
எதிர்முனையில் வண்டிக் கதவு ஒன்று அடைபட்டது.
"அந்தப் பட்டியலில் நான் எங்கே, மேலேயா கீழேயா?"

கீழே, என்றேன்.
இன்றைக்குக் கீழே.
திங்கட்கிழமை எக்ஸ்ரேக்கு இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு
அவன் பெயரைப் பென்சிலால் எழுதினேன்.
பிறகு வீட்டுக்குப் போய்
என் சமையலறை மேடையில் கை வைக்காமல்
நின்றபடியே சோறு தின்றேன்.