எடைச்சீட்டு

வெளியே போகும் எந்த லாரியும்
எடை போடாமல் போகக்கூடாது,
மேனேஜர் உத்தரவு.
விடியற்காலை மூன்றேகாலுக்கு
வனவிலங்கு இலாகா லாரியையும்
நிறுத்தினேன்.

பதினாலாம் நம்பர் செம்பனைக் காட்டில்
(காடென்று நாங்கள்தான் சொல்லிக்கொள்கிறோம்)
கால்வாய்க்குள் விழுந்து கிடந்த தெனுக்.
வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிய
கறுத்த ஆள் போலக்
கூண்டுக்குள் நின்றது,
மூக்கை மட்டும் வெளியே நீட்டி
பகாவின் டீசல் வாடையை மோந்துகொண்டு.

கணினி கேட்டது: என்ன சரக்கு?
குலை. உதிரி. உரம். சக்கை. மற்றவை.
மற்றவை என்று தட்டினேன்.
நிகர எடை 270 கிலோ.

ஐந்து மாதம் கழித்து
தலைநகர் மிருகக்காட்சிசாலைக்குப் போனோம்,
நானும், நவமணியும்,
அதை முதலில் பார்த்த சுப்ரியும்.
லொம்போக்கிலிருந்து குலை வெட்ட வந்தவன்;
அதிகாரிகள் வரும்வரை
கால்வாயில் இறங்கி நின்று
அதன் முதுகில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவன்.

டிக்கெட் முகப்பில் இரண்டு விலை.
அட்டையைக் காட்டி நாங்கள் உள்ளூர் ஆனோம்.
சுப்ரிக்கு இரண்டு மடங்கு.
அம்மா இருந்திருந்தால்
எந்த வரிசையில் நின்றிருப்பாள்?
இங்கேயே பிறந்து, இங்கேயே பால் வெட்டி,
கடைசிவரை சிவப்பு அட்டை.

பலகையில் எழுதியிருந்தது:
இம்மண்ணின் பூர்வீக விலங்கு.
எடை சுமார் முந்நூறு கிலோ.
அந்தச் 'சுமார்' என்னை உறுத்தியது.
சீட்டு என் பையில்தான் இருந்தது.

வரைபடத்தில் அது வாழும் இடமெல்லாம் பச்சை.
விரல் வைத்துத் தேடினேன்.
பகாவும் பச்சைக்குள்தான்:
எங்கள் மில், மாரியம்மன் கோயில்,
பெட்ரோல் நிலையம், புது பாஸ்டர்பூட் கடை,
எல்லாம் சேர்த்து.

தெனுக் பிட்டத்தைக் காட்டிப் படுத்திருந்தது.
சுப்ரி
அன்றிரவு அடித்த அதே விசிலை அடித்தான்.
அசையவில்லை.
பக்கத்து அடைப்பில் இருந்த வேறொன்று
தலைதூக்கிப் பார்த்தது.
நவமணி சிரித்துவிட்டாள், பிறகு
ஏனோ மூக்கைச் சிந்தினாள்.

குட்டிகள் பெருகினால்
காட்டில் விடுவார்களாம்.
எந்தக் காடு என்று பலகையில் இல்லை.

வருடக் கணக்கில்
270 கிலோ உதைக்கிறது.
யாருக்கு விற்றோம், பணம் எங்கே என்று
தலைமை அலுவலகம் கேட்டிருக்கிறது.

நான் இன்னும்
பதில் போடவில்லை.