கடன் கொப்பியில் ஒரு லீற்றர்

பஸ் நிலையத்துக்கு எதிரே
ஆறடி அகலக் கடை எனக்கு.
குளிர்பெட்டியின் மேல்தட்டில் தண்ணீர், கீழே சோடா.
பின்சுவரோடு ஒரு பைப்பு.
குடிப்பது பைப்பில்.
விற்பது பெட்டியில்.

கொழும்பு பஸ் வந்து நின்றால்
கைகள்தான் முதலில் இறங்கும்,
காசை நீட்டிக்கொண்டு.
மூடி 'டக்'கென்று உடைய வேண்டும் அவர்களுக்கு.
எனக்கு முன்னால் இதை ஒருவரும் தொடவில்லை
என்கிற சத்தம் அது.
பைப்புக்கு அப்படியொன்று கிடையாது.
திறந்தால் முதலில் இருமும்.
பிறகு காற்று, பிறகு குளோரின் வாடை,
பிறகுதான் கந்தளாய்க் குளம்.

கணக்கும் பார்த்திருக்கிறேன்.
ஒரு போத்தல் விற்ற காசில்
பில்லில் ஒரு யூனிட் கட்டலாம்.
யூனிட் என்றால் ஆயிரம் லீற்றர்.
சத்தமாகச் சொன்னால்
என் கடைக்கு நானே பூட்டுப் போடவேண்டியதுதான்.

மீற்றர் பார்க்க வந்த பத்மசீலனுக்கு மட்டும் சொன்னேன்.
சபைச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.
இலக்கத்தைக் குறித்துவிட்டு
"குளிரா ஒரு அரை லீற்றர் தாங்கோ அக்கா" என்றார்.
"உங்கட தண்ணியை நீங்களே குடிக்க மாட்டீங்களோ?"
"குடிப்பன். இந்த வெயிலுக்கு உங்கட பைப்பில
தேத்தண்ணியே போடலாம்."
மிச்சக் காசைக் கொடுத்தேன்.
வேறென்ன சொல்ல?

வியாபாரம் படுத்த ஒரு மத்தியானம்
மூன்று கிளாஸ் வைத்தேன்.
ஒன்றில் போத்தல். ஒன்றில் பைப்பு.
மூன்றாவதும் பைப்புத்தான்,
கொதிக்கவைத்து இரவு முழுக்கக் குளிரில் கிடந்தது.
மூதூர் பஸ் கொண்டக்டர் நசுறுதீன்
மூன்றையும் குடித்து, மீசையைத் துடைத்து,
மூன்றாவதைத் தொட்டு
"இதுதான் கொம்பனித் தண்ணி" என்றார்.
தாதி சறோஜினிக்கும் அதுவேதான்.
பூ விற்கிற இராசமலர் மட்டும்
"மூண்டும் தண்ணிதானே,
ஏன் சும்மா கிளாஸ் கழுவுறீங்க" என்று போய்விட்டாள்.

அப்படியானால் வாங்குவது குளிரைத்தான்
என்று தீர்மானித்து அட்டை எழுதித் தொங்கவிட்டேன்:
'வெறும் போத்தல் கொண்டுவந்தால்
கொதித்தாறிய குளிர்ந்த தண்ணீர், பத்து ரூபாய்.'
பள்ளிக்கூடப் பிள்ளைகள் நிரப்பினார்கள்.
பெரியவர்கள் அட்டையை வாசித்து,
என்னையும் ஒருமுறை வாசித்து,
சீல் உள்ளதை வாங்கிக்கொண்டு போனார்கள்.

பொழுதுபட்டால் மான்கள் வரும்.
இந்த ஊரில் அவற்றுக்கும் தெரு சொந்தம்.
ஒன்று, எறிந்து கிடந்த போத்தலை உருட்டி
லேபிளை மட்டும் உரித்து மென்றது.
லேபிளில் ஒரு மலையருவி.
விளக்குமாற்றோடு ஓடினேன்.
அருவி அதற்குள் தொண்டை தாண்டிவிட்டது.
அந்த மானை அடுத்த நாளும் பார்த்தேன்.
அதுதானா என்று சத்தியம் பண்ணமாட்டேன்.

மாரியில் எங்கேயோ குழாய் வெடித்தது.
பைப்பில் சேறு.
முதல் நாள், தெளியும் என்றிருந்தேன்.
இரண்டாம் நாள் துணி கட்டி வடித்தேன்.
துணிதான் நிறம் மாறியது.
மூன்றாம் நாள் கதவை அரைவாசி சாத்திவிட்டு
மேல்தட்டில் கை வைத்தேன்.
டக்.
என்ன நிம்மதி அந்தச் சத்தத்தில்,
வெட்கம் கெட்ட நிம்மதி.

கடன் கொப்பியில், நசுறுதீனின் இரண்டு பிளேன்டீக்குக் கீழே
என் பெயரை எழுதினேன். ஒரு லீற்றர்.
அன்றைக்குத் தெரிந்தது,
சபையின் மேல் நான் வைத்திருந்தது
நம்பிக்கையா, பழக்கமா என்று
ஒருநாளும் கேட்டுப் பார்க்கவில்லை.

நாலாம் நாள் பைப்பு இருமியது.
ஒரு வாளி ஓடவிட்டு, மணந்து பார்த்து, குடித்தேன்.

அடுத்த மாசம் பத்மசீலன் வந்தார்.
"சேத்துக்கும் மீற்றர் ஓடியிருக்கே தம்பி?"
"ஓடும் அக்கா. அதுக்கு நிறம் தெரியாது."
குளிராய் ஒன்று கேட்டார்.
கிளாஸில் ஊற்றிக் கொடுத்தேன்.
எந்தத் தண்ணீர் என்று அவர் கேட்கவில்லை.

கொப்பியில் அந்த ஒரு லீற்றர்
இன்னும் வெட்டப்படாமல் நிற்கிறது.
யாருக்குக் கட்டுவது என்றுதான்
விளங்கவில்லை.