பன்றிகளின் பங்கு

ஐம்பது வயது ஆனவனுக்கு
ஸ்காட்லாந்து அரசு அனுப்பும் வாழ்த்து
தபாலில் வருகிறது:
ஒரு சிறு குழாய், அதற்குள் ஒரு குச்சி,
படம் போட்ட விளக்கத் தாள்.
எதை எடுத்துக் குழாயில் அடைக்க வேண்டும் என்பதைச்
சாப்பாட்டு மேசையில் பேச முடியாது.

மூன்று முறை வந்ததைக் குப்பையில் போட்டேன்.
நாலாவதை ஷீனா
கழிப்பறைக் கதவின் உள்பக்கம் ஒட்டிவைத்தாள்,
உட்கார்ந்தால் கண்ணுக்கு நேரே.

பதில் வந்தது: ரத்தச் சுவடு.
கர்க்கால்டி மருத்துவமனையில்
ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு
என் குடலை நானே டிவியில் பார்த்தேன்.
ஈரமான இளஞ்சிவப்புச் சுரங்கம்.
ஒரு வளைவில், காம்போடு,
காளான் மொட்டுப் போல ஒன்று.
கம்பிச் சுருக்கு போட்டு அறுத்தார்கள்.
வலிக்கவே இல்லை.
அதுதான் பயமாக இருந்தது.

"என்ன வேலை, மிஸ்டர் மெல்ட்ரம்?"
நர்ஸ் யூனா கேட்டாள்.
மாவு மில், முப்பத்தொரு வருஷம்.
"என்ன ரொட்டி?"
வெள்ளை.
அவள் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டாள்.

கோதுமை எங்களிடம் கோட்டோடு வரும்.
உருளைகளுக்கிடையே கோட்டைக் கழற்றுவோம்.
சலித்த வெள்ளை மூட்டைக்குப் போகும்,
பழுப்பு பின்பக்கக் குழாயில் இறங்கும்.
வியாழன்தோறும் ஆலிக் பெட்ரியின் லாரி
வாயைத் திறந்துகொண்டு அங்கே நிற்கும்.

இருபது வருஷத்துக்கு முன்னால்
ஆலிக் ஒருநாள் சொன்னான்:
"ஈனப்போகும் பன்றிக்குக் கடைசி வாரம்
தவிடு கூட்டிப் போடணும் ஸ்ட்ரூவன்,
இல்லேன்னா அடைச்சுக்கும்."
பன்றியின் மலச்சிக்கலுக்கு
மில் முழுக்கச் சிரித்தோம்.
ரொம்பச் சிரித்தவன் என் அண்ணன் யூவன்.

அவனுக்கும் அந்த உறை வந்தது.
ஒவ்வொன்றையும் பிரிக்காமல்
இழுப்பறையில் அடுக்கி வைத்திருந்தான்.
ஐம்பத்தொன்பதில் போனான்.
தவிடு தின்றிருந்தால் பிழைத்திருப்பானா
என்று டாக்டரைக் கேட்டேன்.
"ஒரு ஆளைக் காட்டி அப்படிச் சொல்ல முடியாது.
லட்சம் பேரைச் சேர்த்துப் பார்த்தால்
நார் நிறையத் தின்கிறவர்களுக்கு
இந்த நோய் குறைவாக வருகிறது.
இதயத்துக்கும் நல்லது, சர்க்கரைக்கும் நல்லது.
உத்தரவாதம் மட்டும் கேட்காதீர்கள்."

யூனா வேறு மாதிரி சொன்னாள்:
உங்களுக்குச் செரிக்காதது
உங்களுக்கான சோறு இல்லை.
பெருங்குடலில் கோடிப் பேர் குடியிருக்கிறார்கள்,
அவர்களுக்கு.
அவர்கள் தின்று மீந்ததைக் கொண்டுதான்
குடல் தன் சுவரைப் பூசிக்கொள்கிறது.

முப்பத்தொரு வருஷம்
அத்தனை பேரையும் பட்டினி போட்டிருக்கிறேன்,
பந்தியில் பரிமாறுகிறவன் நானாக இருந்தும்.

ஆத்திரத்தில் ஒரே நாளில் எல்லாம் தின்றேன்.
கஞ்சியில் நாலு கரண்டி தவிடு,
மத்தியானம் பருப்பு சூப், ராத்திரிக்கு பீன்ஸ்.
அன்றிரவு ஷீனா
தலையணையைத் தூக்கிக்கொண்டு
அடுத்த அறைக்குப் போய்விட்டாள்.
"கொஞ்சம் கொஞ்சமா, தண்ணியோட,"
போனில் யூனா,
அன்றைக்கு மட்டும் சிரித்தாள்.

இப்போது பார்லி குழம்புக்கு நாக்கு பழகிவிட்டது.
ஆப்பிளைத் தோலோடு கடிக்கிறேன்.
கருத்த ரொட்டியை மெல்ல நேரமாகிறது,
மெல்லுகிற நேரத்தில்
யூவன் நினைவுக்கு வருகிறான்.
மூன்று வருஷம் கழித்து மறுபடி கேமரா.
ஒன்றும் இருக்காது என்று
யாரும் சொல்லவில்லை.

போன வியாழன் மழை.
லாரி நிரம்பிக்கொண்டிருந்தது.
பழுப்பு அருவி, சூடாக, கொட்டை வாசனையோடு.
இத்தனை வருஷம் மூக்கில் ஏறாத வாசனை.
காலிப் பை ஒன்றை நீட்டி
ஆலிக்கிடம் கேட்டேன்,
ஒரு ரெண்டு கிலோ எடுத்துக்கட்டுமா?

தொப்பியிலிருந்து தண்ணீரை உதறினான்.
என் வயிற்றைப் பார்த்தான். லாரியைப் பார்த்தான்.
"அது அவங்க பங்கு.
கேட்டுட்டுச் சொல்றேன்."