நாலு பிளாஸ்டர்

எக்ஸ்ரேயில் ஈரலுக்கு மேலே
ஒரு கறுப்புப் பிறை.
காற்று,
இருக்கக் கூடாத இடத்தில்.

"கடைசியா எப்ப சாப்பிட்டீங்க?"
"நேற்று மத்தியானம், டொக்டர்."
வீரபுத்திரன், வயது நாற்பத்தாறு,
புறக்கோட்டை நாலாம் குறுக்குத்தெருவில் நாட்டாமி.
வயிறு பலகையாய் இறுகிக் கிடக்க
மூச்சைக் கடன் வாங்கியவர் போலக்
கொஞ்சம் கொஞ்சமாய்ச் செலவழித்தார்.

இரவு ஒன்றே முக்கால்.
தொப்புளருகே விரல் நக அளவில் ஒரு கீறல்.
வாயு ஏற ஏற
வயிறு கூடாரமாய் எழும்பியது.
கமெரா பிடிப்பது என் வேலை.
வெட்டவும் தைக்கவும் எனக்கு அனுமதி இல்லை,
ஆடாமல் நிற்கத்தான் சம்பளம்.
"நங்கி, படம் ஆடுது" என்றார்
டொக்டர் ருவன்பத்திரண சிங்களத்தில்,
"எனக்குத் தோணியில போற மாதிரி இருக்கு."
கண்ணாடி பனித்தது.
வெளியே எடுத்து, வெந்நீரில் முக்கி, துடைத்து,
மறுபடி உள்ளே.

திரையில் மஞ்சளும் பச்சையுமாய் ஒரு குளம்.
ஈரலின் விளிம்பைத் தூக்கியதும்
அது தெரிந்தது:
பாசிப்பயறு அளவில் ஒரு துளை.
ஒவ்வொரு மூச்சுக்கும்
ஒரு சொட்டுப் பித்தம் விட்டது.
அதற்குப் பக்கத்தில்
ஈரலில் ஒட்டிக்கொண்டு
ஒரு மிளகாய் விதை.

நேற்று மத்தியானமாம்.

"கொத்துரொட்டி" என்றார் ருவன்பத்திரண.
"இல்ல, கட்ட சம்பல்" என்றார்
மயக்கம் கொடுத்த ஃபஸ்மினா, தலை நிமிராமல்.
கொஞ்ச நேரம் அதைப் பற்றியே பேசினோம்.
பசி எல்லோருக்கும் இருந்தது.

பிறகு யாரும் பேசவில்லை.
இரண்டு நீளக் குறடுகள்
ஒரு வளைந்த ஊசியைக்
கைமாற்றிக் கைமாற்றி, மூன்று நூல்.
குடலின் மேல் தொங்கும் கொழுப்புத் திரையை
மெல்ல இழுத்து வந்து
துளையின் மேல் படுக்கவைத்து முடிச்சிட்டார்.
இறுக்கினால் அது செத்துவிடும்,
தளர்த்தினால் ஒழுகும்.
நடுவில் எங்கோ அவர் விரலுக்குத் தெரிந்தது.
மூக்குக் குழாயில் காற்று விட்டு
தண்ணீரில் குமிழி வருகிறதா என்று பார்த்தோம்.
வரவில்லை.
ஆறு லீற்றர் உப்பு நீர் விட்டுக் கழுவ
விதை உறிஞ்சியின் வாயில் போய் மறைந்தது.
என் மணிக்கட்டு மரத்துப் போயிருந்தது.

மூன்றாம் நாள் காலை, வாட்டில்
போர்வையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.
"சம்பல் தான், டொக்டர்" என்றார் என்னைக் கண்டதும்.
"பத்து மணிக்கு, அரை றாத்தல் பாணோட.
சாப்பிட்டா நோவு அடங்கும்னு நெனைச்சேன்."
மறுபடி வயிற்றைப் பார்த்தார்.
நாலு பிளாஸ்டர், வடிகுழாய் ஒன்று.
"இவ்வளவுதானா?"

"நல்லதுதானே, அண்ணே. சின்னக் காயம், கெதியா ஆறும்."

"உங்களுக்கு நல்லது.
எங்க செட்டுல அமாவாசைக்கு
குடலிறக்கம் வெட்டினாங்க, ஒரு சாண் தழும்பு.
சட்டையத் தூக்கிக் காட்டினான்,
முதலாளி ஒரு மாசம் விட்டாரு.
இதைக் காட்டினா
நுளம்பு கடிச்சதாம்பாரு."

இடுப்பு நோவுக்கு என்ன போட்டீர்கள் என்று கேட்டேன்.
சிவப்புக் குளிசை, காலையில் ரெண்டு, பகலில் ரெண்டு,
வெறும் வயிற்றில் பிளேன்டீயோடு.
நாலு வருஷமாக.
யார் வாங்கித் தந்தது?
"அவருதான். நல்ல மனுசன்.
காசு பிடிக்க மாட்டாரு."

நான் கடதாசி எடுத்தேன்.
இரைப்பை ஓட்டை, அவசர சத்திரசிகிச்சை,
உயிராபத்து,
ஆறு வாரம் பாரம் தூக்கக் கூடாது,
அந்தக் குளிசை இனி ஒன்றுகூட ஆகாது.
"சிங்களத்திலயும் போடுங்க" என்றார்.
"எழுத்தப் பெரிசாப் போடுங்க."
சீல் குத்தினேன்.
"இன்னொண்டு."
குத்தினேன்.

கையெழுத்துக்கு இடம் நிறைய மிச்சமிருந்தது.
வழக்கமாக ஒரு சுழி, ஒரு புள்ளி.
அன்றைக்குப் பேனையை வைத்த இடத்திலிருந்து
ஓரம் வரைக்கும் இழுத்தேன்,
ஒரு சாண்.